துப்பாக்கிக் கரிக்கு யார் பொறுப்பு?

சுட்டு முடித்த ரைஃபிள் தோட்டாவின் பித்தளை உறையைக் கையில் எடுத்துப் பார்த்தால், கழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் கரி அப்பியிருக்கும். சில உறைகளில் அது தோளைத் தாண்டி உடல் வரை வழிந்திருக்கும். விரலில் ஒட்டும், துணியால் அழுத்தினால் போய்விடும். பார்க்க அழுக்கு என்பதால் இதை அழுக்காகவே நடத்துவது மனித இயல்பு. படைகளும் அப்படித்தான் நடத்தின. துப்பாக்கி அடைத்துக்கொண்டதா, துருப்பிடித்ததா, உறை மாட்டிக்கொண்டதா, சிப்பாய் சரியாகத் துடைக்கவில்லை என்று கணக்கை முடித்தன. கருமருந்துக் காலம் தொடங்கி வியட்நாம் போர் வரையுள்ள வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எரிந்த மருந்தின் மிச்சம் பெரும்பாலும் மருந்தைத் தேர்ந்தவர்கள், உறையை வடிவமைத்தவர்கள், பற்றவைக்கும் பிரைமரைக் கலந்தவர்கள் செய்த முடிவுகளின் விளைவு. துடைத்ததால் அவ்வப்போது பலன் கிடைத்தது. அந்தப் பலனே உண்மைக் காரணத்தைப் பல பத்தாண்டுகள் மறைத்தும் வைத்தது.

கருமருந்து என்பது வெடியுப்பு, மரக்கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவை. ஏறத்தாழ 75, 15, 10 என்ற விகிதம். அது எரிந்தால் என்னவாகிறது என்பதை முறையாக அளந்து சொன்னவர்கள் ஆண்ட்ரூ நோபிளும் ஃபிரடெரிக் ஏபெலும். மூடிய எஃகுக் கலத்துக்குள் மருந்தை வெடிக்கவைத்து அவர்கள் 1875-இல் வெளியிட்ட ஆய்வின்படி, எரிந்த மருந்தின் எடையில் பாதிக்கும் குறைவான பங்குதான் வாயுவாக மாறுகிறது. மீதி பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு என்று உப்பும் சாம்பலுமாகத் தங்கிவிடுகிறது. அதாவது குண்டைத் தள்ளும் வேலையைச் செய்வதைவிட அதிக எடை, குழலை அடைக்கும் வேலையைச் செய்தது! அந்த உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்தால் ஓடு போலக் கட்டியாகும். வாய்வழியாகக் குண்டை இறக்கி இடிக்க வேண்டிய ரைஃபிளில் சில சுற்றுகளுக்குப் பிறகு குண்டு இறங்க மறுத்ததற்குச் சிப்பாயின் சோம்பல் காரணமல்ல, வேதியியல்தான் காரணம். 1840-களின் இறுதியில் பிரெஞ்சு அதிகாரி மினியே வடிவமைத்த குண்டு இதை ஒப்புக்கொண்ட வடிவம். அது குழலின் அகலத்தைவிடச் சற்றுச் சிறியது. கரி படிந்த குழலுக்குள்ளும் எளிதாக இறங்கும். சுடும்போது அதன் குழிந்த அடிப்பக்கம் விரிந்து, குழலின் முறுக்குவரிகளைப் பற்றிக்கொள்ளும். துடைக்கச் சொல்லிக் கட்டளை போடுவதற்குப் பதிலாக, துடைக்காமலேயே சுடக்கூடிய குண்டு செய்தார்கள். இந்த வரலாற்றில் இப்படிப்பட்ட நேர்மை அடிக்கடி கிடைப்பதில்லை.

அந்தக் குண்டோடு கொழுப்பும் வந்தது. 1853 என்ஃபீல்டு ரைஃபிளின் காகிதத் தோட்டாவில் குண்டு இருந்த முனைக்குக் கொழுப்பும் மெழுகும் பூசியதற்கு, குண்டு வழுக்கி இறங்க வேண்டும், குழலில் தங்கும் கரி இறுகாமல் மென்மையாக இருக்க வேண்டும் என்பதே தொழில்நுட்பக் காரணம். மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் கலந்திருப்பதாகப் பரவிய பேச்சும், 1857-இல் வங்காளப் படையில் நடந்தவையும் எல்லோரும் அறிந்த கதை. எழுச்சியின் காரணங்களைத் தோட்டாவுக்குள் மட்டும் அடைத்துவிட முடியாது. நிலவரி, அவத் இணைப்பு, சம்பளம், மதமாற்ற அச்சம் என்று அவை பல. ஆனாலும் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டிய ஒரு பொருளின் மேல் விலங்குக் கொழுப்பு ஏன் வந்து உட்கார்ந்தது என்ற கேள்விக்கு விடை, கருமருந்து விட்டுச்செல்லும் மிச்சத்தில்தான் இருக்கிறது. ஒரு வேதியியல் சிக்கலுக்கு ஆலையில் எடுத்த முடிவின் விலையை, அதைக் கடிக்க வேண்டியிருந்தவன் செலுத்தினான்.

பின்பக்கமாகத் தோட்டா நிரப்பும் துப்பாக்கிகள் வந்தபோது கரி இடம் மாறியது. இனி சிக்கல் குண்டு இறங்குவதில் இல்லை, வாயு பின்னால் கசிவதில் இருந்தது. 1841-இல் பிரஷ்யா ஏற்ற டிரைசே ஊசித் துப்பாக்கியில் மூடுபொறியின் இணைப்பு வழியே சூடான வாயு பீறிட்டது. பல வீரர்கள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடத் தயங்கினார்கள். 1866-இன் பிரெஞ்சு ஷாஸ்போ அதை ரப்பர் வளையத்தால் அடைக்கப் பார்த்தது. அந்த வளையம் வெப்பத்தில் கருகிப் பழுதானது. நிலையான விடை உலோக உறையில் கிடைத்தது. மருந்து எரிந்து அழுத்தம் ஏறும்போது பித்தளை விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாயுவுக்குப் பின்னால் வர வழி இருக்காது. அழுத்தம் விழுந்ததும் உலோகம் சற்றே சுருங்கும், உறையை உருவி எடுக்கலாம். எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் அது ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. உறை விரிவதற்குப் போதிய அழுத்தம் வேண்டும், அந்த அழுத்தத்துக்கு வளைந்து திரும்பும் மென்மையும் வலிமையும் உலோகத்துக்கு வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் வாயு உறைக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து, போன வழியெல்லாம் கரியை எழுதிவிட்டுப் போகும். இன்று சுட்ட உறையின் தோளில் கரி பார்ப்பவர் பார்ப்பது இந்த எழுத்தைத்தான்.

முதல் தலைமுறை உறைகள் இந்த நிபந்தனையைச் சரியாக நிறைவேற்றவில்லை. உல்விச் ஆய்வகத்தின் எட்வர்ட் பாக்ஸர் ஸ்னைடர் ரைஃபிளுக்காக அமைத்த உறை மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. அடுத்து வந்த மார்ட்டினி ஹென்றி ரைஃபிளும் அதே வழியில் போனது. 1885-இல் சூடானில் அபு கிளியா போன்ற சண்டைகளில் உறைகள் அறைக்குள் மாட்டிக்கொண்டன. மணலும் வெப்பமும் உண்மையாகவே கெடுதல் செய்தன. ஆனால் கரி படிந்த சூடான அறைக்குள் சுருட்டிய தகடு நெளிந்து ஒட்டிக்கொள்வது மணல் இல்லாத இடத்திலும் நடக்கக்கூடியது. தீர்வாக வந்ததும் மணல் மறைப்பு அல்ல, ஒரே துண்டாக இழுத்துச் செய்த திடமான பித்தளை உறை. அமெரிக்காவில் 1876-இல் லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டரின் படை அழிந்த பிறகு மேஜர் ரீனோவும் உறைகள் சிக்கியதைப் பற்றி ஆயுதத் துறைக்கு எழுதினார். அங்கே பயன்பட்டது செம்பு உறை. பித்தளையின் மீள்திறன் செம்புக்குக் கிடையாது. தோல் வாரில் நாள்கணக்கில் இருந்தால் பச்சைக் களிம்பும் பிடிக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. 1983-இல் காட்டுத்தீ புல்லை எரித்துத் தரையைத் திறந்துவிட்ட பின் அங்கு அகழ்வாய்வு நடந்தது. கிடைத்த உறைகளில் நெம்பி எடுத்த கீறல் உள்ளவை மிகக் குறைவே. கஸ்டரைத் தோற்கடித்தது செம்பு உறை என்று சொல்ல முடியாது. உறை குறையுள்ளதாக இருந்தது என்பதும், அந்தப் போரை அது தீர்மானிக்கவில்லை என்பதும் ஒருசேர உண்மை.

1884-இல் பால் வியேய் புகையில்லா மருந்தைச் செய்தார். 1886-இல் பிரான்ஸ் லெபெல் ரைஃபிளில் அதை ஏற்றது. 1889-இல் ஏபெலும் டூவரும் பிரிட்டனுக்காகக் கார்டைட்டை உருவாக்கினார்கள். நைட்ரோகிளிசரின் 58, துப்பாக்கிப் பஞ்சு 37, வாசலின் 5 என்பது அதன் கலவை. வாசலினைச் சேர்த்ததற்குச் சொன்ன காரணம் குழலுக்கு வழுக்கல் தருவது. அந்த வேலையை அது பெரிதாகச் செய்யவில்லை. மாறாக, மருந்து சேமிப்பில் கெடாமல் காக்கும் பொருளாக அது பயன்படுவது பின்னர் தெரிந்தது. குழல் அரிப்பைக் குறைக்க நைட்ரோகிளிசரினை 30-ஆகக் குறைத்த புதிய கார்டைட், போயர் போருக்குப் பின் வந்தது. நீலகிரியில் அருவங்காட்டில் கார்டைட் ஆலை எழுந்ததும் அந்த ஆண்டுகளில்தான். மலை ரயிலில் குன்னூரைத் தாண்டிப் போகிறவர்கள் அந்த நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள்.

புகை போனதும் கரிச் சிக்கலும் போய்விடும் என்று எதிர்பார்த்தது நியாயம். நடந்தது நேர்மாறு. பழைய பிரைமர்களில் பாதரச ஃபல்மினேட் இருந்தது. கருமருந்து எரிந்தபோது அதிலிருந்து வந்த பாதரசம், குவியலாகக் கிடந்த கரியிலும் உப்பிலும் கலந்து கரைந்துபோனது. உறையைக் கழுவியபோது அதுவும் சேர்ந்து போயிற்று. புகையில்லா மருந்து கிட்டத்தட்ட எதையும் மிச்சம் வைக்காததால், பாதரசம் நேராகப் பித்தளையின் மேல் படிந்து அதை நொறுங்கும் பொருளாக்கியது. மறுபடி நிரப்பிய உறைகள் கழுத்தில் வெடித்தன, உடலில் பிளந்தன. சந்தேகம் இயல்பாகவே புது மருந்தின் மேல் விழுந்தது. உண்மைக் குற்றவாளி முந்தைய தலைமுறையிலும் அங்கேயே இருந்தான், அவனைத் தடுத்துவைத்திருந்தது எல்லோரும் திட்டிய அந்தக் கரி! அமெரிக்காவின் ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதக்கிடங்கு 1898-இல் ராணுவ ரைஃபிள் பிரைமரிலிருந்து பாதரசத்தை நீக்கியது. உறைகள் தப்பின. குழல்கள் மாட்டிக்கொண்டன.

பாதரசத்தை நீக்கிய பிரைமரில் பொட்டாசியம் குளோரேட்டின் பங்கு பெரிது. அது எரிந்தால் பொட்டாசியம் குளோரைடு உண்டாகும். ஏறக்குறைய சமையல் உப்பின் குணமே அதற்கும். ஈரத்தை இழுத்து எஃகைத் துருவாக்கும். குளோரேட் பழைய பிரைமர்களிலும் இருந்ததுதான். ஆனால் கருமருந்துக்காரர்கள் குழலைத் தண்ணீரால் கழுவினார்கள், அதனால் உப்பும் கரைந்து போனது. புகையில்லா மருந்து வந்த பின் கழுவத் தேவையில்லை என்று எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தார்கள். எண்ணெயில் உப்பு கரையாது. துடைத்து வைத்த குழலில் சில நாளில் துரு பூத்ததும் விளக்கங்கள் பல கிளம்பின. மருந்தின் அமிலம் தங்கிவிடுகிறது என்றார்கள். எஃகு வாயுக்களை உறிஞ்சி, பிறகு வியர்வை போல வெளிவிடுகிறது என்றார்கள். அமிலத்தை முறிக்க அம்மோனியாவும் சோடாவும் கலந்த கரைசல்களை விற்றார்கள். அவை பலித்தன, அவற்றில் தண்ணீர் இருந்ததால்! அமிலக் கோட்பாடு அதனாலேயே வலுப்பெற்றது. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் வேதியியலாளர் வில்பர்ட் ஹஃப் குழல் மிச்சத்தை ஆராய்ந்து, குற்றம் பிரைமர் உப்பின் மேல் என்று காட்டினார். 1920-களின் பின்பாதியில் ஜெர்மனியின் சினாக்சிட், அமெரிக்காவின் கிளீன்போர் போன்ற துருப்பிடிக்கவைக்காத பிரைமர்கள் சந்தைக்கு வந்தன. படைகள் அவற்றுக்கு முழுமையாக மாற இரண்டாம் உலகப் போரும் முடிய வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் லீ என்ஃபீல்டு குழலுக்குள் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றும் வழக்கம் இருந்தது. காரணம் தெரியாமலே சரியான மருந்து அது.

இந்தியாவிலேயே இன்னொரு சான்று உண்டு. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள், சுடாமலேயே வெடிப்பு விட்டன. பருவத்தோடு வந்ததால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் தந்த விளக்கத்தின்படி, லாயத்துக் கழிவிலிருந்து வந்த அம்மோனியாவும், உறையை இழுத்து வடித்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. சூடுகாட்டி அந்த இறுக்கத்தைத் தளர்த்தினால் போதும். மழைமேல் போட்ட பழி ஆலையின் உலைக்குத் திரும்பியது.

இந்தப் போக்கின் கொடிய அத்தியாயம் அமெரிக்க ராணுவத்தின் எம்-16 ரைஃபிள். யூஜின் ஸ்டோனரின் வடிவமைப்பு, டூபான்ட் நிறுவனத்தின் நீள்துகள் மருந்தை வைத்து உருவானது. ராணுவம் கேட்ட வேகத்தை, அனுமதித்த அழுத்தத்துக்குள், பெருமளவு உற்பத்தியில் அந்த மருந்தால் எட்ட முடியவில்லை. 1964-இல் ஓலின் நிறுவனத்தின் உருண்டைத்துகள் மருந்துக்கு மாறினார்கள். அந்த மருந்தில் அமிலத்தை முறிக்கக் கால்சியம் கார்பனேட் சேர்ப்பார்கள். எரிந்தபின் அது வாயுக்குழாயில் படிந்தது. புது மருந்தின் அழுத்தம் வாயுத் துளைக்கு வரும் விதம் வேறு என்பதால் துப்பாக்கியின் இயக்கமும் வேகம் கூடியது. உறை இன்னும் அறைச்சுவரோடு ஒட்டியிருக்கும்போதே அதை இழுக்கும் நிலை வந்தது. அறைக்கு குரோமியப் பூச்சும் கிடையாது. வியட்நாமின் ஈரத்தில் அறை அரித்துக் குழிந்தது, குழியில் பித்தளை பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் மேல், இந்தத் துப்பாக்கிக்குத் துடைப்பே வேண்டாம் என்ற பேச்சு படைக்குள் பரவியிருந்தது. துடைக்கும் கருவிகள் போதுமான அளவில் போய்ச் சேரவில்லை. 1966, 1967-இல் உறை சிக்கிச் செத்தவர்களைப் பற்றிய கடிதங்கள் வீடுகளுக்கும் அங்கிருந்து அமெரிக்கக் காங்கிரசுக்கும் போயின. ராணுவத் தரப்பின் முதல் பதில் பழைய பதிலேதான், வீரர்கள் துடைப்பதில்லை. ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையிலான துணைக்குழு 1967 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, போதிய சோதனையின்றி மருந்தை மாற்றியதையே முதன்மைக் குற்றமாக வைத்தது. ஆலையில் துப்பாக்கியைத் தேர்வுசெய்யும் சோதனைக்குப் பழைய மருந்துத் தோட்டாவும், போர்முனைக்குப் புதிய மருந்துத் தோட்டாவும் போனதை அது வெளிக்கொண்டுவந்தது. சிப்பாயின் துணியில் என்ன குறை கண்டுபிடிக்க முடியும் இதற்குப் பிறகு?

மறுப்பு ஒன்று உண்டு, அதற்கு எடையும் உண்டு. துடைக்கும் கருவிகளும் வில் ஐஸ்னர் வரைந்த படக்கதைக் கையேடும் போன பிறகு எம்-16 கோளாறுகள் குறைந்தனவே, அப்படியானால் துடைக்காததும் காரணம்தானே என்று கேட்கலாம். காரணந்தான். எந்தத் துப்பாக்கியும் பராமரிப்பு இல்லாமல் ஓடாது. ஆனால் அதே காலத்தில் அறைக்குக் குரோமியம் பூசினார்கள், இயக்கத்தின் வேகத்தைத் தணிக்கும் பாகத்தை மாற்றினார்கள், மருந்தில் கால்சியம் கார்பனேட்டின் வரம்பையும் குறைத்தார்கள். துணி மட்டும் போதும் என்று ராணுவமே நம்பியிருந்தால் இவற்றுக்குச் செலவு செய்திருக்காது. துடைப்பது விளைவைத் தள்ளிப்போடுகிறது. அது பலிக்கிறது என்பதை வைத்துக் காரணம் அழுக்குதான் என்று முடிவுகட்டுவது, அம்மோனியாக் கரைசல் விற்றவர்கள் செய்த அதே தவறு. கருமருந்துக்கு மட்டும் இந்த வாதம் பொருந்தாது என்று இன்னொருவர் சொல்லலாம். அதன் மிச்சம் தவிர்க்கவே முடியாதது, துடைப்பதைத் தவிர வழியில்லை. உண்மை. ஆனால் அங்கேயும் முன்னேற்றம் கட்டளையிலிருந்து வரவில்லை, மினியேயின் குண்டிலிருந்து வந்தது.

இந்த வழக்கில் பொறுப்பு உண்மையிலேயே சுடுபவர் தலையில் விழும் ஒரே இடம், தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்பவரின் மேசை. அமெரிக்காவில் இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். 1884-இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனத்தின் இடுக்கிபோன்ற கருவிகள் எல்லைப்புற வேட்டைக்காரர்கள் வரை போயின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கேன்சஸ் மாநிலத்தின் புரூஸ் ஹாட்ஜ்டன் ராணுவத்தின் உபரி மருந்தை மலிவாக வாங்கி விற்றார். அவற்றுள் ஒன்று 20 மில்லிமீட்டர் பீரங்கிக்காகச் செய்த, மெதுவாக எரியும் மருந்து. பெரிய உறையில் கனமான குண்டுக்குப் பின்னால் அது நன்றாக எரியும். லேசான குண்டுக்குப் பின்னால், குறைந்த அளவில் போட்டால் அழுத்தம் போதிய உயரத்துக்கு ஏறாது. கழுத்து விரிந்து அடைக்குமுன் வாயு பின்னால் வரும், தோள் கருக்கும், எரியாத துகள்களும் குழலில் கிடக்கும். அதே உறையைப் பலமுறை சுட்டுச் சுருக்கி நிரப்பினால் கழுத்துப் பித்தளை இறுகிவிடும். அப்போது மருந்தின் அளவு சரியாக இருந்தாலும் கரி வரும். அதற்கு மருந்து மாற்றம் விடையல்ல, கழுத்துக்குச் சூடுகாட்டி மென்மையாக்குவதே விடை. லாயத்து உறைகளுக்கும் சூடுதான் விடையாக இருந்தது. வழக்கத்துக்கு மீறி அகன்ற அறையும் இதே கரியைத் தரும். இங்கே ஆலையும் கிடங்கும் சிப்பாயும் ஒரே ஆள்தான். பழியைத் தள்ளிவிட அவருக்கு வேறு துறை கிடையாது.

கழுத்தில் மட்டும் நிற்கும் கரி சாதாரணம், விட்டுவிடலாம். தோளையும் உடலையும் கருக்கினால் அழுத்தம் குறைவு, அல்லது உலோகம் இறுகிவிட்டது, அல்லது அறை அகன்றது. அதைக் கண்டு மருந்தைத் தன் போக்கில் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. அந்த மருந்துக்கும் குண்டுக்கும் தயாரிப்பாளர் அச்சிட்ட அட்டவணையின் வரம்புக்குள்தான் நிற்க வேண்டும், உறை மென்மையாக இருந்தும் அங்கேயும் கரி போகாவிட்டால் பொருத்தமான வேறு மருந்துக்கு மாற வேண்டும். உறையின் மறுமுனையில், பிரைமரைச் சுற்றி வளையமாகக் கரி தெரிந்தால் செய்தி முற்றிலும் வேறு. அது அழுத்தம் மிஞ்சியதையோ, பிரைமர் உட்காரும் குழி தளர்ந்துவிட்டதையோ சொல்கிறது. அந்த உறையை மீண்டும் நிரப்பக் கூடாது. அதே கையிருப்பில் மிச்சமிருக்கும் தோட்டாக்களையும் காரணம் தெரியும்வரை சுடக் கூடாது.